வியாழக்கிழமைச் சாட்சி

அத்தியாயம் 11

கிருபாபாயின் மேல் உங்களில் பலருக்குக் கோபம் என்று எனக்குத் தெரியும். மூத்த பிள்ளைக்கு ரத்தம் உறையாத வியாதி, அதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே இரண்டாவதற்கு எப்படித் துணிந்தாள், ஒரு டீச்சருக்கு இந்தப் புத்திகூடவா இல்லை என்று கோவில்பட்டியிலிருந்து ஒரு அம்மாள் காரசாரமாகக் கடிதம் எழுதிக் கேட்டிருந்தார்.

அம்மா, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். அவள் எதை நம்பி வயிற்றில் சுமக்கிறாள் என்பதை ஒருதரம் நினைத்துப் பாருங்கள். இரண்டு வருஷத்துக்கு முன்னால், அவள் மஞ்சள் காமாலையில் படுத்திருந்தபோது, புருஷன் ஜெபசீலனும் அண்ணன் பால்துரையும் மூத்தவன் விக்டரை மெட்ராஸுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். பெரிய டாக்டர் காசிலிங்கத்தைப் பார்த்தார்கள். திரும்பி வந்த வாரமே, வியாழக்கிழமை வீட்டு ஜெபக்கூட்டத்தில், ஜெபசீலன் எழுந்து நின்று, ஆண்டவர் செய்த நன்மை என்று சாட்சி சொன்னான்.

அமெரிக்காவில் புது வைத்தியம் வருகிறதாம். ஜீன் என்று ஒன்று உடம்பு முழுக்க இருக்கிறதாம், தாய் தகப்பனிடமிருந்து வருவதாம். அதில் இருக்கிற பிசகைத்தான் நாம் வியாதி என்கிறோம். அந்தப் பிசகையே திருத்திவிடுகிற வைத்தியமாம். காசிலிங்கம் டாக்டர் மூலமாக விக்டரின் பெயர் அதற்கான லிஸ்ட்டில் சேர்ந்துவிட்டது. கூட்டம் முழுக்க ஒரே குரலில் "ஸ்தோத்திரம்" என்றது.

அன்றிலிருந்து தூத்துக்குடியில் அந்தச் சபை முழுக்க இந்த வைத்தியத்துக்காக ஜெபம் பண்ணுகிறது. கிருபாபாய் தன் முத்துக் கம்மலைக் கழற்றி அறுப்பின் பண்டிகையில் காணிக்கையாகப் படைத்தாள். கடைசியாக முத்துக்குளிப்பு நடந்த வருஷம் அவள் அப்பா தேடிப் பிடித்து வாங்கிக் கட்டின கம்மல் அது. காணிக்கைகளைச் சபையில் ஏலம் விட்டபோது அண்ணன் பால்துரையே கேட்டு அதை எடுத்துக்கொண்டான். தங்கையின் கம்மல் வேறு காதுக்குப் போக மனசு வரவில்லை போலிருக்கிறது என்று அவள் உருகிப்போனாள்.

பாவம், அவள் உருகின உருக்கத்தையெல்லாம் இன்றைக்குத் திருப்பிக் கேட்கப் போகிறாள்.

*

காலையில் விக்டருக்குப் பல் விழுந்தது.

மற்ற வீட்டில் பால்பல் விழுந்தால் சிரிப்பார்கள். இந்த வீட்டில் வாரக்கணக்காக அந்தப் பல்லைப் பயந்து பயந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். கிருபாபாய் பல்லில் படாமல் கஞ்சி ஊற்றினாள், முறுக்கை ஒளித்துவைத்தாள். அப்படியும் தூக்கத்தில் விழுந்து, தலையணை முழுக்க நனைந்துவிட்டது.

"அம்மா, வாயெல்லாம் உப்பா இருக்கு" என்றான் ஏழு வயது விக்டர்.

அவள் பதறவில்லை. பதறிப் பழகி விட்டது. துணியைச் சுருட்டிக் கடிக்கக் கொடுத்தாள். ஐஸ் கம்பெனிக்கு ஓடிப்போய் ஒரு ஆள் ஐஸ் வாங்கி வந்தார். மீனுக்குப் போகிற ஐஸில் சுத்தமான கட்டியாகப் பார்த்து அவளுக்கென்று ஒதுக்கிவைப்பது அங்கே வழக்கமாகிவிட்டது. அப்படியும் ரத்தம் நிற்கவில்லை. ஜெபசீலன் விடியுமுன்னே கப்பலுக்குப் போயிருந்தான். ரிக்‌ஷா பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினாள்.

புதிதாக வந்திருந்த லேடி டாக்டர் சண்முகவடிவு சாத்தான்குளத்துக் கடைக்காரர் மகள். சின்ன வயசு, பெரிய கண்ணாடி. மருந்தில் நனைத்த பஞ்சைப் பல் இருந்த இடத்தில் வைத்து அழுத்தி, தன் விரலாலேயே வெகுநேரம் பிடித்துக்கொண்டிருந்தாள். ஒரு பாட்டில் புது ரத்தமும் ஏற்றினார்கள். பத்து மணி வாக்கில் ரத்தம் நின்று, பையன் அசந்து தூங்கிப்போனான்.

"நின்னுட்டும்மா. இனிப் பயமில்லை. சாயங்காலம் வரைக்கும் இங்கனயே கெடக்கட்டும்."

கிருபாபாய் கையெடுத்துக் கும்பிட்டாள். நிம்மதி வந்தால் மனுஷருக்குப் பேச்சும் வரும்.

"இன்னும் கொஞ்ச காலந்தான் டாக்டர் இந்தப் பாடு. அமெரிக்கா வைத்தியத்துக்குப் பேரு குடுத்திருக்கோம்."

"எந்த வைத்தியத்துக்கு?"

"அதான், ஜீனைத் திருத்துறது. மெட்ராஸ் காசிலிங்கம் டாக்டர்தான் பேரைச் சேத்தாவ."

சண்முகவடிவு கண்ணாடியைக் கழற்றினாள். துடைத்தாள். மறுபடி மாட்டிக்கொண்டாள்.

"காசிலிங்கம் சாரா? அவருகிட்டதான் நான் படிச்சேன். இதை அவரே உங்ககிட்டச் சொன்னாரா?"

"எங்கிட்ட இல்லை. எங்க வீட்டுக்காரவகிட்ட."

"அம்மா, நான் சொல்றதைக் கேட்டு வருத்தப்படாதிய. அப்படி ஒரு வைத்தியம் இன்னும் வரலை. ஆராய்ச்சி நடக்குது, நெசந்தான். கண்ணாடிக் குழாயில வச்சுப் பாக்காங்க. வேற ஒரு வியாதிக்குப் பிள்ளைங்க மேலயும் ஒருதரம் முயற்சி பண்ணிப் பாத்தாங்க, பலிக்கலை. இந்த வியாதிக்கு மனுஷங்க மேல யாரும் தொட்டுக்கூடப் பாக்கலை. எங்க சார் கிளாஸ்லயே சொல்லுவாரு, உங்க காலத்துல வராது, உங்க பேரப்பிள்ளைக காலத்துல வந்தா சந்தோஷம்னு. அவரா லிஸ்ட்டு போட்டாரு? எதுக்கு லிஸ்ட்டு?"

கிருபாபாய் சிரித்தாள். ஆமாம், சிரித்தாள். டாக்டருக்கு விஷயம் தெரியவில்லை, சின்னப் பெண், பட்டணத்து விவகாரம் இவளுக்கு வந்து சேரவில்லை என்று நினைத்துக்கொண்டாள். அந்தச் சிரிப்போடுதான் அடுத்ததையும் சொன்னாள்.

"அதை நம்பித்தான டாக்டர் இதையும் சுமக்கேன்" என்று வயிற்றைத் தொட்டுக் காட்டினாள்.

டாக்டரின் முகம் போன போக்கைப் பார்த்த பிறகுதான் அவள் சிரிப்பு நின்றது.

"எத்தனாம் மாசம்?"

"நாலு பொறந்திருக்கு."

சண்முகவடிவு நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் எதிரிலேயே உட்கார்ந்தாள். மெதுவாகத்தான் சொன்னாள். சில விஷயங்களை எவ்வளவு மெதுவாகச் சொன்னாலும் அடி அடிதான். இந்த வியாதி தாய் வழியாக வருவது. தாய்க்கு ஒன்றும் செய்யாது. பையன் பிறந்தால் பாதிக்குப் பாதி விக்டரைப் போலவே. பெண் பிறந்தால் அவளும் தாயைப் போல இதைச் சுமக்கிறவளாக இருக்கலாம்.

"எம் வழியாவா?" என்றாள் கிருபாபாய்.

"உங்களுக்குத் தெரியாதா? இதை முதல்லயே சொல்லியிருப்பாங்களே."

"யாரும் சொல்லலை."

"உங்க மேல தப்பில்லைம்மா. இது யாரு மேலயும் தப்பில்லை. ஆனா நீங்க தெரிஞ்சுகிட்டு முடிவு பண்ணியிருக்கணும். இப்பவும் ஒண்ணும் முடிஞ்சு போயிடலை. பெத்துக்கிடணும்னா கூட இருந்து பாத்துக்கிடுதேன். வேண்டாம்னாலும் கலைச்சுக்கிட இப்போ சட்டம் இருக்கு. எதுவானாலும் சீக்கிரம் சொல்லணும். நாள் தள்ளக்கூடாது."

ஜன்னல் வழியாக உப்புக் காற்று அடித்தது. தூங்குகிற பிள்ளையின் உதட்டோரத்தில் ரத்தம் காய்ந்திருந்தது. அதை முந்தானையால் துடைக்கப் போனவள், மறுபடி கசிந்துவிடுமோ என்று கையை இழுத்துக்கொண்டாள்.

*

மத்தியானம் இட்லித் தூக்கோடு பால்துரை வந்தான். பஜாரில் நாட்டு மருந்துக் கடை வைத்திருக்கிறவன். அவன் வந்தால் சுக்கு வாசமும் கூடவே வரும். நல்ல மனுஷன், வாயில்லாப் பூச்சி என்று பெயர்.

வராந்தாவுக்குக் கூட்டிப் போய்த்தான் அவள் கேட்டாள். சுற்றி வளைக்கவில்லை.

"அண்ணே, மெட்ராஸ்ல டாக்டர் என்ன சொன்னாரு?"

"எப்போ?"

"நீங்களும் அவியளும் போனப்போ. நீங்க ரெண்டு பேருந்தான உள்ள போனிய. அந்த டாக்டர் உங்ககிட்ட என்ன சொன்னாரு?"

பால்துரை தூக்கைக் கீழே வைத்தான். மறுபடி எடுத்தான்.

"மாப்பிள்ளைதான் சாட்சியில சொன்னாருல்லா."

"அவிய சொன்னதைக் கேக்கலை. டாக்டர் சொன்னதைக் கேக்கேன்."

  பொய் சொல்லத் தெரியாதவன் வாயை மூடிக்கொண்டால், அதைவிடப் பெரிய வாக்குமூலம் வேறென்ன வேண்டும்!

"அண்ணே!"

"வைத்தியம் இல்லைன்னுதான் சொன்னாரு, பாப்பா. வருங்காலத்துல வரலாம்னு ஏதோ சொன்னாரு. எங்களை அனுப்புறப்போ ஒரு ஆறுதலுக்குச் சொன்னாரு, அவ்வளவுதான்."

"லிஸ்ட்டு?"

"அப்படி எதுவும் கெடையாது."

 கிருபாபாய்க்குக் கத்தவேண்டும் போல இருந்தது. ஆஸ்பத்திரியில் கத்தக்கூடாது என்று ஆண்டாண்டு காலமாகப் பழகிய அடக்கத்தில் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"ரெண்டு வருஷம் அண்ணே. வாராவாரம் எம் பக்கத்துலதான உக்காந்து ஆமென் சொன்னிய."

"சபையில எழுந்து சொல்லிட்டாரே. எல்லாரும் ஸ்தோத்திரம் சொல்லிட்டாவ. நான் எந்திரிச்சு இது பொய்யின்னு சொன்னா, உம் புருஷனைச் சபை நடுவுல பொய்யன்னு நிறுத்தின மாதிரி ஆயிரும்லா. உன் வாழ்க்கைக்காகத்தான் பாப்பா..."

"என் வாழ்க்கைக்காவா?"

"ராத்திரியில தூக்கம் கிடையாது எனக்கு. நீ கம்மலைக் கழத்திக் காணிக்கை வச்சப்போ உசிரே போயிட்டு. இல்லாத ஒண்ணுக்கு நேந்த பொருளு. அதான் ஏலத்துல எடுத்தேன். என் பீரோவுல அப்படியே இருக்கு. நாளைக்கே கொண்டு தாரேன்."

அப்போதுதான் அவளுக்கு அந்தக் கம்மல் விஷயம் விளங்கியது. பாசத்தில் எடுத்தான் என்று நினைத்து ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டாளே, அது பொய்க்கு நேர்ந்த பொருளைப் பார்த்த வெறும் பயம்.

"கம்மலைக் காப்பாத்துனிய அண்ணே. என்னைக் காப்பாத்தணும்னு தோணலையே. வயித்துல உண்டாயிட்டேன்னு முதமுதல்ல உங்ககிட்டதான வந்து சொன்னேன். சர்க்கரை வாங்கி வாயில போட்டிய."

பால்துரை அழுதான். அவனைத் தேற்ற வேண்டியவளும் அவள்தான் என்பதுபோல அவளையே பார்த்து அழுதான். அவளுக்கு எரிச்சல்தான் வந்தது.

"பிள்ளை பக்கத்துல உக்காருங்க. முழிச்சா சூடா எதுவும் குடுக்காதிய. ஆறின கஞ்சிதான்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

*

ஜெபசீலனின் உத்தியோகத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். கப்பல் ஏஜெண்டு கம்பெனியில் அவன் வாட்டர் கிளார்க். வெளிநாட்டுக் கப்பல் வந்து நங்கூரம் போட்டால், லாஞ்சு என்கிற விசைப்படகில் போய் முதல் ஆளாக ஏறி, கேப்டனுக்குச் சலாம் போட்டு, என்னென்ன வேண்டும் என்று கேட்டுச் செய்து கொடுக்கிற வேலை. நல்ல தண்ணீர், காய்கறி, கோழி, தபால், பல்வலிக்கு டாக்டர். கேட்பது எதுவானாலும் "யெஸ் கேப்டன், இதோ வந்துக்கிட்டே இருக்கு" என்று சொல்லிவிட வேண்டும். அதன் பிறகு கரைக்கு வந்து அது கிடைக்குமா என்று தேட வேண்டும். இல்லை என்று சொல்லுகிறவன் அந்த வேலையில் ஒரு வாரம் தாங்கமாட்டான். ஜெபசீலன் பத்து வருஷமாக இருக்கிறான்.

பழைய துறைமுகத்துப் படிக்கட்டருகே, கொழும்புக்குப் போகிற வெங்காய மூட்டைகளுக்குப் பக்கத்தில் கிருபாபாய் நின்றாள். ஜெபசீலனை ஏற்றிக்கொண்டு லாஞ்சு வந்தது. வெள்ளைச் சட்டை, வியர்வை, சிரித்த முகம். அவன் இறங்குவதற்குள் ஒருவன் கத்தினான்.

"சீலன் அண்ணாச்சி, கப்பலுக்குத் தண்ணிப் படகு எங்க? கேப்டன் வயர்லெஸ்ல கத்துதான்!"

"போய்க்கிட்டே இருக்குன்னு சொல்லும்வே!"

தண்ணீர்ப் படகு அங்கேயே, ஆளில்லாமல், கயிற்றில் கட்டிக்கிடந்தது. இந்த வேடிக்கையை வீட்டில் எத்தனையோ தடவை அவன் நடித்துக் காட்டியிருக்கிறான். அவள் வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறாள்.

அவளைப் பார்த்ததும் அவன் முகம் மாறியது. "விக்டருக்கு என்னளா?"

"பல்லு விழுந்துட்டு. ரத்தம் நின்னுட்டு. அண்ணன் பக்கத்துல இருக்காவ."

"அப்பாடா! பொறவு என்ன? இன்னும் கொஞ்ச நாள்தான். மெட்ராஸ்ல இருந்து..."

"சொல்லாதிய."

அவன் நிறுத்தினான்.

"இனி அந்த வார்த்தையைச் சொல்லாதிய. புது டாக்டரம்மா காசிலிங்கம் டாக்டர்கிட்டப் படிச்சவ. எல்லாம் சொல்லிட்டா. அண்ணனும் சொல்லிட்டாவ."

வெங்காய மூட்டை ஏற்றுகிறவர்கள் பக்கத்திலேயே போய்வந்துகொண்டிருந்தார்கள். ஜெபசீலன் அவள் கையைப் பிடித்து ஓரமாக அழைத்துப்போகப் பார்த்தான். அவள் நகரவில்லை.

"நான் வேணும்னு சொல்லலை, கிருபா. சத்தியமாச் சொல்லுதேன். அன்னைக்குக் கூட்டத்துல, டாக்டர் இப்படி ஒரு ஆராய்ச்சி நடக்குன்னு சொன்னாரு, ஜெபம் பண்ணுங்கன்னு சொல்லத்தான் எந்திரிச்சேன். அதுக்குள்ள எங்க பெரியம்மா கேட்டாவ, இது யாரு வழியா வந்த வியாதின்னு டாக்டர் சொன்னாராலேன்னு. எல்லாரும் எம் மூஞ்சியையே பாத்தாவ. நீ காமாலையில உள்ள படுத்துக் கெடக்கே. உன் வழியான்னு நான் எப்படிளா சொல்லுவேன்? பேச்சை மாத்தணும்னு, வைத்தியம் வந்தாச்சு, பேரைச் சேத்தாச்சுன்னு வாயில வந்துட்டு."

கேட்டீர்களா? அவளைக் காப்பாற்றத்தான் சொன்னானாம். அதில் பொய் இல்லை. அதுதான் அவளை மேலும் வதைத்தது. வெறும் அயோக்கியனாக இருந்தால் காறித் துப்பிவிட்டுப் போயிருக்கலாம்.

"சரி. அன்னைக்குச் சொன்னிய. மறுநாள் எங்கிட்ட மட்டுமாவது சொல்லியிருக்கலாம்லா?"

"உன் மூஞ்சியில சந்தோஷத்தைப் பாத்தேன். காமாலை பிடிச்ச உடம்பு எந்திரிச்சு நடந்தது. சொல்ல முடியலை."

"இந்தப் பிள்ளை வேணும்னு முடிவு பண்ணினப்போ? ரெண்டு பேரும் முழங்கால் போட்டு ஜெபம் பண்ணினோமே. நீங்கதான சத்தமாச் சொன்னிய, மூத்தவனுக்கு வழி திறந்த ஆண்டவர் இதையும் காப்பாருன்னு. ஜெபத்துலயுமா பொய்?"

ஜெபசீலன் தலை குனிந்தான். 

"எனக்கும் ஆசையா இருந்தது கிருபா. சொல்லிச் சொல்லி எனக்கே நெசம் மாதிரி ஆயிட்டு."

"உங்களுக்கு ஆசை. சுமக்கிறது நான். நாளைக்கு இன்னொரு தலவாணி நனைஞ்சா முழிச்சு உக்காரப்போறதும் நான். என்னைக் கேக்காம எனக்கு முடிவு பண்ணிட்டியளே."

அழமாட்டேன் என்று வைராக்கியமாக இருந்தவள் அங்கே அழுதுவிட்டாள். மூட்டை தூக்குகிறவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள்.

அவன்தான் முந்திக்கொண்டு சொன்னான். "இன்னைக்கு வியாழக்கிழமை, நம்ம வீட்டுலதான கூட்டம். எல்லார் முன்னாலயும் நானே எந்திரிச்சு சொல்லிருதேன். எது பொய், எது நெசம், எல்லாத்தையும். நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம். என் வாயால கெட்டதை என் வாயாலயே சரி பண்ணுதேன்."

"சொல்லுவியளா?"

"சொல்லுவேன்."

"சத்தியமா?"

"விக்டர் மேல சத்தியமா."

நம்பலாமா என்று யோசித்தாள். இவ்வளவுக்குப் பிறகும் அவளுக்கு அவனை நம்ப வேண்டியிருந்தது. வேறு யாரை நம்புவது? வீட்டுக்குப் போய்ப் பாய் விரிக்க வேண்டும், ஆட்கள் வருவார்கள்.

*

சாயங்காலம் வீடு நிறைந்துவிட்டது. பால்துரை விக்டரோடு ஆஸ்பத்திரியிலிருந்து இன்னும் வந்து சேரவில்லை. கூட்டத்தை நடத்துகிற உபதேசியார் அற்புதமணி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பாட்டு முடிந்தது. காப்பிக்குப் பால் கொதிக்கிற வாசம் வந்தது. கிருபாபாய் அடுப்படி வாசலில், ஜெபசீலனுக்கு எதிரிலேயே உட்கார்ந்தாள். அவன் கண் பார்க்கிற இடம் அது.

இன்றைக்குப் புதுமுகம் ஒருத்தி வந்திருந்தாள். முப்பது வயசு இருக்கும், ஒல்லி உடம்பு, காலில் பஸ் புழுதி. மடியில் ஒரு பையன். கைப்பிள்ளை அல்ல, ஒன்பது வயசுப் பையன். கால் இரண்டும் குச்சியாகத் தொங்கின.

"இது ஜெயசெல்வி. நாசரேத் பக்கம்" என்றார் உபதேசியார். "சதை கரையிற வியாதி பிள்ளைக்கு. மூத்தவனையும் இதுலதான் பறிகொடுத்தா. போன மாசம் அங்க பிரசங்கத்துக்குப் போனப்போ நம்ம சீலன் தம்பி சாட்சியைச் சொன்னேன். கேட்டுட்டு ஓடி வந்திருக்கா."

கிருபாபாய் அந்தப் பையனின் கால்களைப் பார்த்தாள். இவ்வளவு தூரமா போயிருக்கிறது இந்தப் பொய்?

"தம்பி, சாட்சி உண்டா?" என்றார் உபதேசியார்.

ஜெபசீலன் எழுந்தான். கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தான். கிருபாபாயைப் பார்த்தான். அவள் மெல்லத் தலையசைத்தாள். சொல்லுங்க, நான் இருக்கேன் என்ற தலையசைப்புத்தான் அது. அந்த நிமிஷத்தில்கூட அவள் அவன் பக்கம்தான் இருந்தாள்.

"நான் இன்னைக்கு ஒரு விஷயம் சொல்லணும்" என்று ஆரம்பித்தான். "ரெண்டு வருஷத்துக்கு முன்னால இதே கூட்டத்துல..."

"அண்ணாச்சி" என்றாள் ஜெயசெல்வி. அவளுக்குக் கூட்டத்து முறைமை தெரியாது, காத்திருக்கவும் பொறுமை இல்லை. பையனைத் தூக்கி அவனுக்கு நேராகக் காட்டினாள். "இவன் பேரையும் அந்த லிஸ்ட்டுல எழுதச் சொல்லுங்க அண்ணாச்சி. அம்மா அம்மான்னு மண்ணுல இழுத்துக்கிட்டே வாரான். மூத்தவனும் இப்படித்தான் இழுத்தான். உங்க காலைப் பிடிக்கேன்."

அறை முழுக்க ஜெபசீலனைப் பார்த்தது. அவன் பையனைப் பார்த்தான். பையன் அவனைப் பார்த்துச் சிரித்தான்.

"எழுதிட்டாப் போச்சும்மா" என்றான் ஜெபசீலன்.

"ஸ்தோத்திரம்!" என்றது கூட்டம்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்குத் தெரிந்தது போலிருக்கிறது. உதடு வெளுத்துவிட்டது. விக்டர் மேல் வைத்த சத்தியம் ஒரு பொழுதுகூடத் தாங்கவில்லை. கிருபாபாய் அவனைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். காலையிலிருந்து பட்ட அடி எல்லாம் தெரியாமல் பட்டது. இது கண்ணுக்கு நேராக விழுந்தது.

ஜெயசெல்வி கண்ணீரோடு அவள் பக்கம் திரும்பினாள். புடவைக்கு மேலாகத் தெரியும் சின்ன வயிற்றைப் பார்த்தாள்.

"உங்களைப் பாத்ததும்தான் அக்கா தைரியம் வந்துச்சு. எங்க வீட்டுக்காரவகிட்ட இனி பிள்ளையே வேண்டாம்னு சொல்லிட்டேன். இனிமே பயமில்லைலா? நானும் இன்னொண்ணு பெத்துக்கிடலாம்லா?"

கிருபாபாய் எழுந்தாள்.

"உபதேசியாரே, இன்னைக்குச் சாட்சி நான் சொல்லுதேன்."

"கிருபா..." என்றான் ஜெபசீலன். "நானே... கொஞ்சம் பொறு, நானே..."

அவள் திரும்பவில்லை. நேராகப் போய் ஜெயசெல்வியின் முன்னால் உட்கார்ந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏளா, நல்லாக் கேட்டுக்க. லிஸ்ட்டுன்னு ஒண்ணு கெடையாது. வைத்தியமும் இன்னும் வரலை. என் பிள்ளை பேரு எங்கயும் எழுதலை, உன் பிள்ளை பேரையும் எழுத முடியாது. இவிய சொன்னது பொய். இன்னைக்குக் காலம்பரதான் எனக்கே தெரியும். டாக்டரம்மா ஒருத்தி இருக்கா, நாளைக்கு நானே உன்னைக் கூட்டிட்டுப் போறேன். அவகிட்டக் கேக்காம எந்தப் பிள்ளையும் சுமந்துராத."

யாரும் ஸ்தோத்திரம் சொல்லவில்லை. உபதேசியார் மூக்குக் கண்ணாடியைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார். அடுப்படியில் பால் பொங்கி வழிந்தது, எவரும் எழுந்து போகவில்லை.

ஜெயசெல்வி பையனை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். ஏமாந்தவளின் கோபம் அவள் முகத்தில் வரும் என்று கிருபாபாய் காத்திருந்தாள். வரவில்லை. அவள் கிருபாபாயின் வயிற்றைத்தான் பார்த்தாள். குரலில் குத்தல் இல்லை, இரக்கம்தான் இருந்தது.

"அப்போ இதை என்னக்கா பண்ணப் போறிய?"

எந்தக் கேள்விக்கும் பதில் வைத்திருக்கிற ஜெபசீலன் வாயைத் திறந்தான்.

"நீங்க பேசாதிய" என்றாள் கிருபாபாய். "இதுக்காவது நான் பதில் சொல்லிக்கிடுதேன்."